டிரைவர், நர்ஸ், சர்வர், ஹவுஸ்கீப்பிங்: ஜாப்பனீஸ்லயும் இங்கிலீஷ்லயும் இவங்களை என்ன சொல்லி கூப்பிடணும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பான் கம்பெனில வேலை பாக்கறவங்க, ஜேஎல்பிடின்ற ஜாப்பனீஸ் மொழிப் பரீட்சை பாஸ் பண்ணிட்டு இன்டர்ப்ரெட்டரா போலாம்னு இருக்கறவங்க, நர்சிங் முடிச்சுட்டு ஜப்பானுக்கு கைகோ வேலைக்கு, அதாவது முதியோரைப் பாத்துக்கற வேலைக்குப் போக ரெடி ஆயிட்டிருக்கறவங்க, இவங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதறேன். நம்ம ஆளுங்க கிராமர் நல்லா படிக்கறாங்க, காஞ்சி, அதாவது சீனால இருந்து வந்த பட எழுத்து, அதைக் கூட நூத்துக்கணக்குல மனப்பாடம் பண்றாங்க, ஆனா ஒரு டிரைவரையோ செக்யூரிட்டியையோ ஹோட்டல்ல சாப்பாடு கொண்டுவர்றவரையோ குறிப்பிடணும்னு வரும்போது டிக்‌ஷனரில முதல்ல கண்ணுல பட்ட வார்த்தையை எடுத்துப் போட்டுடறாங்க, அங்கதான் எதிர்ல இருக்கறவங்க முகம் மாறுது. பாட புத்தகத்துல இந்த விஷயத்துக்குன்னு தனியா ஒரு பாடம் கிடையாது, அதனால இங்க கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கோங்க. அந்த ஆளை நேரா கூப்பிடப் போறேனா, அவரைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட பேசப் போறேனா, இல்ல மெயில்லயோ பேப்பர்லயோ எழுதப் போறேனா? தமிழ்ல இதை நாம யோசிக்காமலே பண்றோம். நோட்டீஸ்ல "தூய்மைப் பணியாளர்"னு எழுதுவோம், பேச்சுல "கார்ப்பரேஷன்ல வேலை செய்றவங்க"ன்னு சொல்லுவோம், காலைல வண்டி வந்தா "அக்கா, இதையும் எடுத்துக்கோங்க"ன்னு கூப்பிடுவோம். மூணு இடத்துக்கு மூணு வார்த்தை. ஜாப்பனீஸும் இங்கிலீஷும் இதே மாதிரிதான், ஆனா எந்த வார்த்தை எந்த இடத்துக்குன்றது வேற, அதைத்தான் கத்துக்கணும்.

நேரா கூப்பிடறதுல ஆரம்பிக்கலாம், ஏன்னா தினமும் வர்றது அதுதான். சென்னைல எந்த டிபன் கடைக்குப் போனாலும் "அண்ணா", "தம்பி", "அக்கா", "பாஸ்"னு கூப்பிட்டுடுவோம், டீக்கடைல "மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒண்ணு" அவ்ளோதான். ஜப்பான்ல ரெஸ்டாரன்ட்ல ஆளைக் கூப்பிட ஒரே வார்த்தை போதும்: சுமிமாசென். மன்னிக்கணும், கொஞ்சம் இங்க வர்றீங்களான்ற அர்த்தம் எல்லாம் அதுக்குள்ள இருக்கு, கொஞ்சம் குரலை உயர்த்தி சொன்னாலும் தப்பு இல்ல, சத்தமான சின்ன கடையில எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. நிறைய ஃபேமிலி ரெஸ்டாரன்ட்ல டேபிள்லயே ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினா வந்துடுவாங்க. கையைத் தட்டறது, விரல் சொடுக்கறது, "ஷ்ஷ்"னு கூப்பிடறது வேண்டவே வேண்டாம். இங்கிலீஷ்லயும் இதே கணக்கு, எக்ஸ்க்யூஸ் மீ போதும், "வெயிட்டர்!"னு தொழில் பேரை சொல்லி கத்தறது பழைய காலத்து அதட்டலா கேக்கும்.

உறவுமுறை சொல்லி கூப்பிடற பழக்கம் ஜப்பான்லயும் உண்டு. இனிமே அடிக்கடி வரப்போற "சான்"ன்றது பேருக்கோ தொழிலுக்கோ பின்னாடி சேர்க்கற மரியாதை ஒட்டு. சாதாரண குடிக்கற கடைகள்ல "ஒனீ-சான்", அதாவது அண்ணா, "ஒனே-சான்", அதாவது அக்கான்னு பெரியவங்க கூப்பிடறதைக் கேப்பீங்க. ஆனா வெளிநாட்டுக்காரங்க நாம அதை எடுத்துக்காம இருக்கறது நல்லது. முக்கியமா "ஒப-சான்"ன்ற வார்த்தை, நம்ம "ஆன்ட்டி" மாதிரி மரியாதைன்னு நினைச்சு ஒரு நாப்பது வயசு அம்மாவைப் பாத்து சொல்லிட்டா வயசைக் குத்திக்காட்டின மாதிரி ஆயிடும். அதே சமயம் நமக்கு ரொம்பப் பழக்கமான ஒண்ணு அங்கயும் இருக்கு: சின்ன காபி கடை, பார் நடத்தறவரை அங்கயும் "மாஸுதா", அதாவது மாஸ்டர்னுதான் கூப்பிடறாங்க. சுஷி கடைல கவுன்டருக்குப் பின்னாடி நிக்கற பெரியவரை "தாய்ஷோ"ன்னு, அதாவது தளபதின்னு ரெகுலரா வர்றவங்க கூப்பிடுவாங்க. முதல் தடவை போற கடையில இது வேண்டாம், சுமிமாசென் போதும்.

நர்சிங் பசங்க இதை நல்லா கவனிங்க. நம்ம ஊர்ல ஸ்டான்லி ஆஸ்பத்திரில இருந்து தெருமுனை கிளினிக் வரைக்கும் நர்ஸுன்னா "சிஸ்டர்", ஆண் நர்ஸுன்னா "பிரதர்". ஜப்பான்ல "ஷிஸுதா"ன்னா சர்ச்சுல இருக்கற கன்னியாஸ்திரீ. ஆஸ்பத்திரில நின்னு அப்படிக் கூப்பிட்டா யாரும் திரும்ப மாட்டாங்க, "காங்கோஷி-சான்"னு கூப்பிடணும். இங்கிலாந்துல "சிஸ்டர்"ன்றது ஒரு பதவி, வார்டுக்குப் பொறுப்பா இருக்கற சீனியர் நர்ஸுக்கு மட்டும்தான் அது, அதனால ஜூனியரை அப்படிக் கூப்பிடாதீங்க. அமெரிக்கால இந்தப் பழக்கமே இல்ல, பேர் சொல்லிக் கூப்பிடறதுதான் அங்க வழக்கம்.

அதே மாதிரி நம்ம "சர்வர்". இங்கிலீஷ்ல இது நல்லா ஓடும், அமெரிக்கால வெயிட்டர், வெயிட்ரஸ்னு ஆண் பெண் பிரிக்காம சர்வர்னு சொல்றது இப்ப சாதாரணம், நாம சொல்ற வார்த்தை சரியா பொருந்திடுது. ஆனா ஜாப்பனீஸ்ல "சாபா"ன்னா கம்ப்யூட்டர் சர்வர், இல்லன்னா தண்ணி புடிக்கற மெஷின். சாப்பாடு கொண்டுவர்றவங்களைப் பத்திப் பேசணும்னா "தென்-இன்-சான்", கடையில வேலை செய்றவங்கன்னு அர்த்தம், துணிக்கடை, மளிகைக்கடை, ஹோட்டல் எல்லாத்துக்கும் பொருந்தும். அப்புறம் "சப்ளையர்". மெஸ்ல சப்ளையர்னு நாம சொல்றது பரிமாறறவரை, ஜப்பான் ஆட்டோமொபைல் கம்பெனில "சாபுராயா"ன்னா பார்ட்ஸ் செஞ்சு குடுக்கற வென்டர் கம்பெனி. கேன்டீன்ல சப்ளையர் லேட்டுன்னு மேனேஜர்கிட்ட சொன்னீங்கன்னா அவர் லைன் நின்னுடுமோன்னு பதறிடுவார்.

இப்ப அடுத்த கேள்வி, ஒருத்தரைப் பத்திப் பேசறது. இங்க ஜாப்பனீஸோட கட்டமைப்பைப் புரிஞ்சுக்கிட்டா நூறு வார்த்தையை தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டாம், கடைசி எழுத்தைப் பாத்தாலே பாதி தெரிஞ்சிடும். தமிழ்ல "காரர்" இருக்கு, பால்காரர், பூக்காரம்மா, கீரைக்காரம்மா. ஜாப்பனீஸ்ல அதுக்கு "யா": ஹானா-யா பூக்கடை, பான்-யா ரொட்டிக்கடை, சாகானா-யா மீன்கடை. கடைக்கும் அதை நடத்தறவருக்கும் ஒரே வார்த்தை, பின்னாடி "சான்" சேர்த்து ஹானா-யா-சான்னு சொல்லணும். சான் இல்லாம வெறும் யா மட்டும் சொன்னா அந்தத் தொழிலை கொஞ்சம் கீழ வெச்சுப் பேசற தொனி வந்துடும், பூக்காரர்ன்றதுக்கும் பூக்காரன்ன்றதுக்கும் இருக்கற வித்தியாசம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. அரசியலைப் பொழப்பா வெச்சிருக்கறவங்களைத் திட்டணும்னா "செய்ஜி-யா"ன்னு இதே யாவைத்தான் சேர்க்கறாங்க.

"இன்"னு முடிஞ்சா ஒரு நிறுவனத்தோட ஆள்: எகி-இன் ஸ்டேஷன்ல வேலை செய்றவர், கேபி-இன் செக்யூரிட்டி கார்டு, செய்சோ-இன் சுத்தம் பண்றவர், ஹாய்தாத்சு-இன் டெலிவரி ஆள். "ஷு"ன்னா கை, கையால செய்ற வேலை, உன்தென்-ஷு டிரைவர். "ஷி"ன்னு முடியறதுல மட்டும் கவனமா இருக்கணும், ஏன்னா சத்தம் ஒண்ணா இருக்கற ரெண்டு காஞ்சி இருக்கு. ஒண்ணு புஷின்ற போர்வீரன் வார்த்தையில வர்ற ஷி, அது வக்கீல், தீயணைப்பு வீரர், ரயில் ஓட்டறவர் இவங்களுக்கு. இன்னொண்ணு குரு, ஆசான்ற அர்த்தம் உள்ள ஷி, அது டாக்டர், டீச்சர், நர்ஸ், முடி திருத்தறவர் இவங்களுக்கு. பெரும்பாலும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கற தொழிலுக்குத்தான் இந்த ரெண்டுமே வருது. கார் ஓட்டறவர் உன்தென்-ஷு, ரயில் ஓட்டறவர் உன்தென்-ஷி. எழுதும்போது காஞ்சி மாறிப்போச்சுன்னா படிக்கறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க.

போலீஸுக்கு அஃபிஷியல் வார்த்தை கெய்சாத்சு-கான், ஆனா தெருவுல குழந்தைங்கள்ல இருந்து பாட்டிங்க வரைக்கும் "ஒமாவாரி-சான்"னுதான் சொல்லுவாங்க. சுத்தி வர்றவர்னு அர்த்தம், ரோந்து வர்றாங்க இல்ல, அதான். கேக்கவே நல்லா இருக்கும் இந்த வார்த்தை.

சரி, இப்ப பழைய புத்தக ஆபத்து. மூர் மார்க்கெட்ல பழைய ஜாப்பனீஸ் கைடு, இல்லன்னா யாரோ ஸ்கேன் பண்ணி அனுப்பின பிடிஎஃப், இதை வெச்சு படிக்கறீங்கன்னா முதல்ல எந்த வருஷம் அச்சடிச்சதுன்னு பாருங்க. 2002-க்கு முன்னாடி வந்த புத்தகத்துல நர்ஸுக்கு "காங்கோஃபு"ன்னு இருக்கும். அந்த ஃபுன்ற காஞ்சில ஒரு பக்கம் பெண், இன்னொரு பக்கம் துடைப்பம், பெண்கள் மட்டும் செய்ற வேலைன்னு வார்த்தையிலயே பூட்டு போட்ட மாதிரி. ஆண் நர்ஸுக்கு போர்வீரன் ஷி போட்டு "காங்கோஷி"ன்னு தனியா வெச்சிருந்தாங்க. 2001-ல சட்டத்தைத் திருத்தி 2002 மார்ச்ல இருந்து ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே பேர், காங்கோஷி, அதுவும் குருன்ற ஷியோட. டாக்டருக்கு இருக்கற அதே எழுத்து இப்ப நர்ஸுக்கும். வெறும் எழுத்துதானேன்னு சொல்லுவாங்க சில பேர், எனக்கு அப்படித் தோணல, நைட் ஷிஃப்ட்ல நாப்பது பேஷன்ட்டைத் தனியா பாத்துக்கற ஒருத்தங்களுக்கு டாக்டரோட எழுத்து குடுக்கறது நியாயம், இன்னும் முன்னாடியே பண்ணியிருக்கணும்.

குழந்தைங்களைப் பாத்துக்கற க்ரெஷ் டீச்சருக்கும் இதே கதைதான், தாய்ன்ற எழுத்து வர்ற "ஹோபோ"ன்னு இருந்ததை 1999 ஏப்ரல்ல "ஹொய்குஷி"ன்னு மாத்தினாங்க. விமானத்துல "ஸுச்சுவாதெஸு" போய் "க்யாகுஷித்சு ஜோமு-இன்" வந்துடுச்சு, பேச்சுல சிஏன்னு சொல்லுவாங்க. இங்கிலீஷ்லயும் ஸ்டூவர்டெஸ் போய் ஃப்ளைட் அட்டெண்டன்ட், ஃபயர்மேன் போய் ஃபயர்ஃபைட்டர், போலீஸ்மேன் போய் போலீஸ் ஆஃபிசர், க்ளீனிங் லேடி போய் க்ளீனர். வீட்டு வேலைக்கு மெய்ட், சர்வன்ட் போய் டொமஸ்டிக் வொர்க்கர், 2011-ல ஐஎல்ஓ, அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்பு, கொண்டுவந்த 189-ஆவது உடன்படிக்கை பேர்லயே டொமஸ்டிக் வொர்க்கர்ஸ்னுதான் இருக்கு. வொர்க்கர்னு சொன்ன உடனே லீவு, சம்பளம், வேலை நேரம் எல்லாம் கேக்கற உரிமை கூடவே வந்துடுது, சர்வன்ட்னு சொன்னா வராது.

வீட்டு வேலைன்னதும் ஞாபகம் வருது. ஓஎம்ஆர், ஈசிஆர் பக்கம் குடியிருக்கற ஜப்பான் குடும்பங்கள் வீட்டுல சமையலுக்கும் சுத்தம் பண்ணவும் நம்ம ஊர் அக்காங்க போறாங்க, இன்டர்ப்ரெட்டர்கிட்ட முதல் நாள் வந்து பேசிக் குடுங்கன்னு கேப்பாங்க. அப்ப டிக்‌ஷனரில சர்வன்ட்னு தேடினா "மெஷித்சுகாய்"னு வரும், கூப்பிட்டு உபயோகப்படுத்தற ஆள்னு நேர் அர்த்தம், அதைத் தொடவே தொடாதீங்க. "ஜொச்சூ"ன்னும் ஒண்ணு இருக்கும், பழைய காலத்துல வீட்டோட தங்கி வேலை செஞ்ச பெண்களை சொன்னது, இன்னைக்கு ஜப்பான் பத்திரிகைல, டிவில எல்லாம் அதைத் தவிர்க்கறாங்க. இன்னைக்கு சொல்ற வார்த்தை "ஒதெத்சுதாய்-சான்", உதவி பண்றவங்க. சென்னைல இருக்கற ஜப்பான்காரங்க தங்களுக்குள்ள பேசும்போது "மெய்தோ-சான்", "தொராய்பா-சான்"னு சொல்லுவாங்க, மரியாதைக் குறைவு இல்ல, சான் இருக்கு பாருங்க.

அனிமே பாத்து ஜாப்பனீஸ் கத்துக்கிட்ட தம்பி தங்கைங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷித்சுஜி, அதாவது பட்லர், கெபொக்கு, அதாவது அடிமை வேலையாள், கொஷுஜின்-சாமா, அதாவது எஜமான், இதெல்லாம் கதைக்குள்ளயும் டோக்கியோ அகிஹபாரால பொண்ணுங்க மெய்ட் வேஷத்துல பரிமாறற மெய்ட் கஃபேக்குள்ளயும்தான் உயிரோட இருக்கு, ஆபீஸுக்குக் கொண்டுவராதீங்க. பட்லர்ன்ற வார்த்தைக்கு நம்ம ஊர்ல தனி சரித்திரமே இருக்கு, பழைய ஃப்ரெஞ்சுல பாட்டிலைப் பாத்துக்கறவர்னு ஆரம்பிச்சு, மதராஸ்ல வெள்ளைக்காரங்க வீட்டுத் தலைமை வேலையாளுக்குப் பேராகி, அவங்க பேசின இங்கிலீஷுக்கு "பட்லர் இங்கிலீஷ்"னே பேர் வந்துச்சு. யாரும் ஸ்கூலுக்கு அனுப்பி கத்துக்குடுக்கல, காதால கேட்டே ஒரு அந்நிய பாஷைல குடும்பத்தை நடத்தினாங்க, அதைக் கிண்டலா சொல்றவங்களைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வரும்.

சர்வன்ட்ன்ற வார்த்தைல இன்னும் கொஞ்சம் நிக்கணும், ஏன்னா இது எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சா மொழிபெயர்க்கும்போது கை நிதானமா வரும். லத்தீன்ல செர்வுஸ்னா அடிமை, அங்கேர்ந்துதான் சர்வன்ட், சர்வீஸ், சார்ஜென்ட் எல்லாம். மினிஸ்டர்ன்றதுக்கும் லத்தீன்ல வேலைக்காரர்னுதான் அர்த்தம், குறைவுன்ற வேர்ல இருந்து வந்தது, அதுக்கு எதிர்ல அதிகம்ன்ற வேர்ல இருந்து வந்தது மாஸ்டர். நைட்னு சொல்றோமே, கவசம் போட்ட வீரன், பழைய இங்கிலீஷ்ல அதுக்குப் பையன், வேலையாள்னு அர்த்தம். சாமுராய் கதையும் அச்சு அசல் இதேதான், சாபுராவுன்ற பழைய வினைச்சொல், பக்கத்துல இருந்து பணிவிடை செய்றதுன்னு பொருள், அதுலேர்ந்துதான் சாமுராய் வந்துச்சு. ஜாப்பனீஸ்ல ஆம்பளைங்க "நான்"னு சொல்ற "பொக்கு" இருக்கு இல்ல, அந்த காஞ்சிக்கு மூல அர்த்தம் வேலையாள். நம்ம வைஷ்ணவங்க "அடியேன்"னு சொல்றதும் இதே வழியில வந்ததுதான். நாம தினமும் சொல்ற "ஊழியர்" கூட ஊழியம் செய்றவர், ஒரு காலத்துல கூலி இல்லாத வேலைக்கும் ஊழியம்னுதான் பேர்.

இது எங்க உதவும்னா, ஃபார்ம் நிரப்பும்போது. அப்பா வேலைன்ற இடத்துல நம்ம ஆளுங்க கவர்மென்ட் சர்வன்ட்னு எழுதுவாங்க, இந்தியாவுக்கு அது சரி. ஜாப்பனீஸ்ல "கோமு-இன்"னு எழுதுங்க, இங்கிலாந்துன்னா சிவில் சர்வன்ட், அமெரிக்கான்னா கவர்மென்ட் எம்ப்ளாயி. "கோபொக்கு"ன்னு ஒரு வார்த்தை டிக்‌ஷனரில இருக்கும், பொதுமக்களோட வேலையாள்னு, அது மேடைப் பேச்சுக்கும் அதிகாரிகளைக் கண்டிச்சு எழுதற தலையங்கத்துக்கும் உள்ளது, ஃபார்ம்ல போடாதீங்க. ஜப்பான் அரசியல் சாசனம் 15-ஆவது பிரிவுல அரசு ஊழியர்கள் எல்லாரும் சமுதாயம் முழுமைக்கும் தொண்டு செய்றவங்கன்னு இருக்கு, அங்க போட்டிருக்கற வார்த்தை "ஹோஷிஷா", நம்ம தொண்டர்ன்ற வார்த்தைக்கு ரொம்பக் கிட்ட வரும்.

"ப்யூன்"னு ஒண்ணு. நம்ம ஆபீஸ்கள்ல இப்ப ஆபீஸ் அசிஸ்டென்ட்னு மாறிட்டு வருது, நல்ல விஷயம். அமெரிக்காக்காரங்க காதுல ப்யூன்றது நேரடி அவமானம், மெயில்ல எழுதிடாதீங்க. "பாய்"னும் வேண்டாம், வளர்ந்த ஆம்பளையை பாய்னு கூப்பிட்டதுக்குப் பின்னாடி நிறவெறியோட நீளமான சரித்திரம் இருக்கு, ஆபீஸ் பாய், டெலிவரி பாய்னு நாம சாதாரணமா சொல்றது அங்க வேற மாதிரி விழும். "கூலி"யும் அப்படித்தான், தமிழ்ல அது சம்பளம், தென்னாப்பிரிக்கால அது இந்தியர்களைத் திட்டற வார்த்தை. 2016 ரயில்வே பட்ஜெட்ல ஸ்டேஷன் கூலிகளை இனிமே சகாயக்னு சொல்லணும்னு அறிவிச்சாங்க, சென்ட்ரல்ல நிக்கற அண்ணன்களைக் கேட்டா போர்ட்டர்னுதான் சொல்றாங்க, இங்கிலீஷ்லயும் போர்ட்டரே போதும். ஜப்பான்ல இதே வேலை செஞ்சவங்களை "அகாபோ", சிவப்புத் தொப்பின்னு கூப்பிட்டாங்க, நம்ம ஊர்ல சிவப்புச் சட்டை.

இப்ப இன்டர்ப்ரெட்டர்களுக்கு. இதுல சறுக்கினா வேலைக்கே ஆபத்து, அதனால பொறுமையா படிங்க. ஜாப்பனீஸ்ல உள்ள இருக்கறவங்க, வெளியில இருக்கறவங்கன்னு ஒரு கோடு உண்டு. வெளியாள் முன்னாடி நம்ம கம்பெனி ஆளைப் பத்திப் பேசும்போது சான் போடக்கூடாது, எம்டியா இருந்தாலும் சரி. கஸ்டமர் வந்திருக்கார், உங்க கம்பெனி டிரைவர் வெளியில காத்திருக்கார்னு சொல்லணும்னா வெறும் "உன்தென்-ஷு". அதே கஸ்டமரோட டிரைவர் வந்துட்டார்னா "உன்தென்-ஷு நோ காதா". இந்த "நோ காதா" ரொம்ப உபயோகமான ஒட்டு, நம்ம "அவங்க", "அவர்"ல இருக்கற மரியாதை அதுல இருக்கு. உகெத்சுகே நோ காதா ரிசப்ஷன்ல இருக்கறவங்க, ஒசோஜி நோ காதா சுத்தம் பண்றவங்க. சரியான தொழில் பேர் தெரியலன்னா செய்ற வேலையைச் சொல்லி நோ காதா சேர்த்துட்டா எங்கயும் தப்பாகாது. ஜப்பான் மேனேஜர் வெளியாள்கிட்ட உங்க எம்டி பேரை சான் இல்லாம சொன்னார்னு நம்ம ஆளுங்க மனசு கஷ்டப்படறதைப் பாத்திருக்கேன், அவர் மரியாதையைக் குறைக்கல, கஸ்டமரை உயர்த்தறார், இதை முன்கூட்டியே நம்ம பக்கத்துக்கு விளக்கிடுங்க.

அப்புறம் ஷாப் ஃப்ளோர்ல நம்ம சூப்பர்வைசர் "ஏய், அந்த ஹவுஸ்கீப்பிங் பையனை வரச்சொல்லு"ன்னு சொல்லுவார், பக்கத்துல ஜப்பான் எஞ்சினியர் நின்னுட்டு என்ன சொன்னார்னு கேப்பார். அந்தப் பையனுக்கு ஐம்பது வயசு இருக்கும். என் அபிப்ராயம் தெளிவா இதுதான்: திட்டினா திட்டினதை அப்படியே சொல்லணும், அது தகவல், அதை மறைக்கற உரிமை நமக்கு இல்ல. ஆனா ஆளைக் குறிக்கற சொல்லை அந்த பாஷையோட சாதாரண மரியாதைக்கு மாத்திதான் சொல்லணும், "செய்சோ நோ காதா"ன்னு. ஏன்னா தமிழ்ல பையன்ன்றது அந்த சூப்பர்வைசர் வாயில பழகிப்போன சொல், அதை வார்த்தைக்கு வார்த்தை கொண்டுபோனா அவர் நினைக்காத ஒரு இழிவு போய்ச் சேரும், அந்த அண்ணனும் கேக்காமலே ஒரு பட்டம் வாங்குவார்.

நம்ம ஊருக்கு இந்தத் தொழில் புதுசு இல்ல. கிழக்கிந்திய கம்பெனி காலத்துல கோட்டைல வெள்ளைக்காரங்களுக்கும் ஊர்க்காரங்களுக்கும் நடுவுல நின்னவங்க துபாஷிங்க, ரெண்டு பாஷை தெரிஞ்சவங்கன்னு பேரு. பச்சையப்ப முதலியார் துபாஷிதான், அவர் விட்டுட்டுப் போன சொத்துல நடக்கற காலேஜ்ல இன்னைக்கும் பசங்க படிக்கறாங்க. அதே காலத்துல நாகசாகில டச்சு வியாபாரிங்களுக்கு மொழிபெயர்த்தவங்க "த்சூஜி", பரம்பரை பரம்பரையா அதே குடும்பங்கள் செஞ்சாங்க. இன்னைக்கு வார்த்தை "த்சூயாகு", உங்களை "த்சூயாகு-சான்"னு கூப்பிடுவாங்க. மீட்டிங் ரூம்ல நீங்களும் ஒருத்தருக்கு சேவை பண்ற ஆள்தான்.

"சேவை"ன்னு சொல்லும்போது இன்னொரு எச்சரிக்கை. "சாபிஸு"ன்னு ஜாப்பனீஸ்ல சொன்னா நிறைய இடத்துல இலவசம்னு அர்த்தம், கடைக்காரர் ஒரு தட்டு எக்ஸ்ட்ரா வெச்சு "சாபிஸு தெஸு"ன்னா காசு வேண்டாம்னு அர்த்தம். "சாபிஸு ஸாங்க்யோ"ன்னா காசு குடுக்காம வாங்கற ஓவர்டைம். அதனால உங்க கம்பெனி இன்ஸ்டலேஷன் சர்வீஸ் குடுக்கும்னு பேசும்போது கூடவே "யூர்யோ", கட்டணம் உண்டுன்ற வார்த்தையையும் சேர்த்துடுங்க.

வேலை முடிஞ்சு கிளம்பும்போது செக்யூரிட்டிக்கும் டிரைவருக்கும் ஏதாவது சொல்லணும் இல்ல. "கொகுரோ-சாமா"ன்றது பெரிய பதவில இருக்கறவங்க கீழ இருக்கறவங்களுக்கு சொல்றது, புதுசா சேர்ந்த நீங்க சொன்னா பொருந்தாது. கம்பெனிக்குள்ள எல்லாருக்கும் "ஒத்சுகரே-சாமா தெஸு", வெளியாளுக்கு "அரிகாதோ கொஸாய்மாஸு". சென்னைல கார்ல இருந்து இறங்கும்போது "தேங்க்ஸ்ணா"ன்னு சொல்றோமே, அதே இடம்.

எழுதறதுக்கு வந்தா ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. யார் பாக்கறாங்கன்னு தெரியாத மெயிலுக்கு மேல "கொ-தான்தோஷா-சாமா", அந்த விஷயத்தைக் கவனிக்கறவருக்குன்னு அர்த்தம். சாமான்றது சானை விட மேலான மரியாதை ஒட்டு, அது ஒரு தடவைதான், பதவிப் பேருக்குப் பின்னாடி இன்னொரு சாமா போடாதீங்க. ரிப்போர்ட்ல சான் வேண்டாம், கேபி-இன், செய்சோ-இன்னு நேரா எழுதுங்க.

கைகோ வேலைக்குப் போறவங்களுக்கு: 2019 ஏப்ரல்ல வந்த தொக்குதெய் கினோ, அதாவது குறிப்பிட்ட திறன் உள்ள தொழிலாளர் விசால போறவங்களும் இதுல சேர்த்தி. நீங்க பாத்துக்கற பெரியவங்களைப் பேஷன்ட்னு சொல்லாதீங்க, "ரியோஷா-சான்", அந்த வசதியைப் பயன்படுத்தறவங்கன்னு சொல்லுவாங்க. தாத்தா பாட்டின்னு பாசமா "ஒஜீ-சான்", "ஒபா-சான்"னு நீட்டி கூப்பிடத் தோணும், நிறைய இடங்கள்ல அதை விரும்பறதில்ல, குடும்பப் பேரோட சான் சேர்த்துதான் கூப்பிடணும். உங்களை அவங்க "ஹெருபா-சான்"னோ "கைகோ-சான்"னோ கூப்பிடலாம், "கைகோ ஃபுகுஷிஷி"ன்றது தேசியப் பரீட்சை பாஸ் பண்ணினவங்களுக்கு மட்டும் உள்ள பட்டம், பாஸ் பண்றதுக்கு முன்னாடி நீங்களா போட்டுக்காதீங்க.

பேர் தெரிஞ்சா பேர்தான் எல்லா வார்த்தையையும் விட நல்லது, ஆனா ஜப்பான் கடைகள்ல பேட்ஜைப் படிச்சு கூப்பிட வேண்டாம். கஸ்டமர்கள் மிரட்டறது, ஆன்லைன்ல பேரைப் போட்டு அசிங்கப்படுத்தறது அதிகமாகி, டோக்கியோல 2025 ஏப்ரல்ல இருந்து கஸ்டமர் தொல்லையைத் தடுக்க ஒரு விதிமுறையே வந்திருக்கு, நிறைய கடைகள்ல பேட்ஜ்ல முழுப் பேர் போடறதையே விட்டுட்டாங்க. கஸ்டமர்தான் கடவுள்னு ஒரு வாக்கியத்தைச் சொல்லி ஊழியர்களை அதட்டறது அங்கயும் உண்டு, அதை முதல்ல சொன்ன பாடகர் மினாமி ஹருஓ நினைச்சது வேற, சாமி சந்நிதில நிக்கற மாதிரி சுத்தமான மனசோட பாடணும்னு தனக்குச் சொல்லிக்கிட்டது அது.

நம்ம ஃபேக்டரிக்கு ஜப்பான்ல இருந்து டீம் வருதுன்னா முந்தின நாளே ஒரு சின்ன லிஸ்ட் ரெடி பண்ணுங்க, கார் ஓட்டப் போறவர், கேட்ல இருக்கறவர், பேன்ட்ரில டீ போடறவங்க, கேன்டீன்ல பரிமாறறவங்க, எல்லார் பேரும் கதகானால, அதாவது வெளிநாட்டுப் பேரை எழுதற ஜாப்பனீஸ் எழுத்துல, பக்கத்துல வேலை என்னன்னு. இதுல நம்ம இனிஷியல் பிரச்சனை ஒண்ணு வரும். பெருமாளோட பையன் முருகன், பாஸ்போர்ட் மாதிரி எழுதினா பெருமாள் குடும்பப் பேர் இடத்துக்குப் போயிடும், வர்றவங்க நாலு நாளும் அவரை "பெருமாள்-சான்"னு அவங்க அப்பா பேராலயே கூப்பிட்டுட்டிருப்பாங்க, அவரும் சங்கடத்துல ஒண்ணும் சொல்ல மாட்டார். அதனால லிஸ்ட்ல கூப்பிடற பேரை மட்டும் போட்டு, பின்னாடியே சானும் சேர்த்து எழுதி, அச்சடிச்சு ஒவ்வொருத்தர் கையிலயும் ஒண்ணு குடுத்துடுங்க, அந்த அண்ணன் அக்காங்களுக்கும் ஒரு காப்பி குடுங்க, தன் பேர் அந்த எழுத்துல எப்படி இருக்குன்னு அவங்களும் பாக்கட்டும்.